‘மறுக்கிறாள்’ என்ற கட்டம்

என் வாயில் இருக்கும் பல் அத்தனையும் பரிசாக வந்தவை. பள்ளிப் படிப்பை முடித்த வருஷம் என்னோடு படித்த ஒருத்தனுக்கு அவன் அப்பா பழைய டிரக் ஒன்றைக் கொடுத்தார். இன்னொருத்தனுக்குக் கைக்கடிகாரம். என் அப்பா என்னை டவுனுக்குக் கூட்டிக்கொண்டு போய், மிச்சமிருந்த பல்லையெல்லாம் பிடுங்க வைத்து, மேலுக்கு ஒன்று கீழுக்கு ஒன்று என்று முழுப் பொய்ப்பல் செட் வாங்கிக் கொடுத்தார். எனக்குப் பதினெட்டு வயசு. “இனிமே சாகிற வரைக்கும் உனக்குப் பல்வலி கிடையாதுடா” என்றார். அவர் முகத்தில் அப்படியொரு பெருமை. கிழக்கு கென்டக்கியில் எங்கள் மலைப் பக்கம் அந்தக் காலத்தில் அது நல்ல பரிசு. கல்யாணத்துக்கு முன்னால் பெண்ணுக்கும் இதைச் செய்து அனுப்பினவர்கள் உண்டு. பின்னால் மாப்பிள்ளைக்குப் பல் செலவு வரக் கூடாதாம்.

இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பல்வலி என்றால் என்ன என்று எங்கள் மாவட்டமான இந்தக் கவுண்டியில் யாருக்காவது தெரிந்திருக்க வேண்டும் என்றால் அது எனக்குத்தான். கடைசியாகத் தெரிந்துகொண்டவனும் நான்தான்.

என் பெயர் ஓடெல் ஸ்டிடம். பதினாலாம் நம்பர் பள்ளிப் பேருந்தை இருபத்திரண்டு வருஷமாக ஓட்டுகிறேன். லாரல் ஓடை நெடுக ஏறி, மேலே திரும்பி, இறங்கி, முப்பத்தொரு பிள்ளைகளைக் கொண்டுபோய்ச் சேர்ப்பேன். ரேலின் ஏறுவது கடைசிக்கு முந்தின நிறுத்தத்தில். எட்டு வயசு, மூன்றாம் வகுப்பு. சித்தி மிஸ்டியோடு இருக்கிறாள். அவள் அம்மா ஒஹாயோவில் போதை மறுவாழ்வுச் சிகிச்சையில் இருக்கிறாள், அல்லது சிகிச்சை முடிந்திருக்கிறாள், அல்லது மறுபடி சிகிச்சைக்குப் போயிருக்கிறாள். எந்த மாதம் கேட்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது.

போன வருஷம் வரை ரேலின் என் சீட்டுக்கு நேர் பின்னால் உட்கார்ந்து வாய் மூடாமல் பேசுவாள். வழியில் இருக்கும் நாய்கள் ஒவ்வொன்றும் முந்தின நாள் என்ன செய்தது, எதற்காகச் செய்தது என்று விளக்கம் வரும். ஒரு வாரம் அவளுக்கு ஜுரம் வந்து பேருந்து அமைதியாக இருந்தபோது, நான் வழி தவறிவிட்டேனோ என்றுகூடச் சந்தேகம் வந்தது. இந்த வருஷம் பள்ளி திறந்ததும் அவள் நேராகக் கடைசி சீட்டுக்குப் போனாள். பேச்சு இல்லை. வளர்கிறாள் என்று நினைத்தேன். நினைப்பதற்கு எனக்குச் சம்பளம் தருவதில்லை. அதனால் அதை அரைகுறையாகத்தான் செய்வேன்.

செப்டம்பரில் ஒருநாள் ஐந்தாம் வகுப்பு ட்ரெண்டன் அவள் பக்கம் திரும்பி மூக்கைப் பிடித்துக்கொண்டு, “ஏய், உன் வாய்க்குள்ள என்னா செத்துக் கிடக்கு?” என்றான். பேருந்தே சிரித்தது. அடுத்த நொடி நூலகப் புத்தகம் ஒன்று அவன் மூக்கின் மேல் விழுந்தது. கெட்டி அட்டைப் புத்தகம். நான் வண்டியை ஓரங்கட்டினேன்.

“ரேலின், மன்னிப்புக் கேளு.”

உதட்டை இறுக்கிக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

“ஒரு வார்த்தைதானே கண்ணு. சொல்லிட்டா முடிஞ்சு போச்சு.”

உதடு திறக்கவில்லை. மூன்றாவது தடவை கேட்டேன். அப்புறம் மஞ்சள் புகார்ச் சீட்டை எடுத்தேன். ஓட்டுநர்களுக்கு என்று அச்சடித்த சீட்டு அது. சண்டை, கெட்ட வார்த்தை, சாமான் சேதம் என்று வரிசையாகக் கட்டங்கள். சண்டைக்கு டிக் அடித்தால் என்ன நடந்தது என்று கீழே நாலு வரி எழுத வேண்டும். எனக்கு எழுத்துப்பிழை ஜாஸ்தி. எழுத வேலையில்லாத கட்டம் ஒன்றே ஒன்றுதான்: ‘சொன்னதைச் செய்ய மறுக்கிறாள்’. அதில் டிக் அடித்துக் கையெழுத்துப் போட்டேன். நாலு நொடிகூட ஆகியிருக்காது.

அக்டோபரில் அவள் கன்னத்தில் கையை வைத்துக்கொண்டு ஏறினாள். நான் வேடிக்கைக்காரன் என்று எனக்கே ஒரு நினைப்பு உண்டு.

“என்னா, பல்லு ஆடுதா? விழுந்த பல்லை எடுத்துக்கிட்டுக் காசு வெச்சுட்டுப் போகுமே, அந்தப் பல் தேவதைக்குச் சேதி அனுப்பிட்டியா, இல்ல நான் பஸ் ரேடியோவுல சொல்லட்டுமா?”

அவள் நின்று என்னைப் பார்த்தாள். ஏதோ கேட்கப் போகிறாள் போல இருந்தது. நான் அதற்கு இடம் கொடுக்காமல், “விடு கண்ணு, எப்படியும் விழப்போற பல்லுதானே” என்றேன். எங்கள் ஊரில் பிறந்த எல்லோருக்கும் தாலாட்டோடு சேர்த்துச் சொல்லித் தரப்பட்ட வாசகம் அது. அவள் பின்னால் போய்விட்டாள்.

பிப்ரவரியில் பேருந்தின் வலது பக்கச் சூடாக்கி செத்துப் போனது. வெளியே எல்லாம் உறைந்து கிடந்தது. பிள்ளைகள் முப்பது பேரும் இடது பக்கத்தில் ஒருவர் மேல் ஒருவராக அடைந்திருக்க, ரேலின் மட்டும் வலது பக்கம், தனியாக, ஜன்னல் கண்ணாடியில் கன்னத்தை அழுத்தி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கண்ணாடியின் உறைபனி அவள் கன்னத்தின் அளவுக்கு உருகியிருந்தது. நான் என் தலைக்கு மேல் இருக்கும் பெரிய கண்ணாடியில் அதைப் பார்த்தேன். பார்த்த அந்த நிமிஷம், பல்லே இல்லாத என் ஈறு விண்ணென்று இழுத்தது.

பள்ளியில் எல்லோரும் இறங்கியதும் அவளை நிறுத்தினேன்.

“நான் சின்னதுல கிணத்துக் குழாயில கன்னத்தை வெச்சுக்குவேன்” என்றேன். “இரும்புக் குழாய். ஒருதடவை உறைபனியில தோலு அதோட ஒட்டிக்கிச்சு. எந்தப் பக்கம்? கீழயா?”

தலையை ஆட்டினாள்.

“படுத்தா ஜாஸ்தியா?”

“துடிக்குது” என்றாள். ஆறு மாதத்தில் என்னிடம் அவள் பேசிய முதல் வார்த்தை.

“எத்தனை நாளா?”

“ஸ்கூல் தொறக்கறதுக்கு முன்னாலேர்ந்து.”

“காட்டு பாக்கலாம்.”

ரொம்ப நேரம் யோசித்துவிட்டு வாயைத் திறந்தாள். நான் பார்த்ததை முழுதும் சொல்லப்போவதில்லை. இதைப் படிக்கும்போது நீங்கள் சாப்பிட்டுக்கொண்டிருக்கலாம். கீழ்க் கடைவாயில் பல் இருக்க வேண்டிய இடத்தில் கறுப்பு விளிம்புகள் இருந்தன. பக்கத்தில் ஈறு சோளமணி அளவுக்கு உப்பி வெளுத்திருந்தது. ட்ரெண்டன் கேட்ட கேள்விக்குப் பதிலும் அங்கேதான் இருந்தது.

“என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேடி கண்ணு.”

“சொல்ல வந்தேன் மிஸ்டர் ஓடெல். நீங்க, விழுந்துடும்னு சொன்னீங்க.” தப்பு என்று குற்றம் சாட்டுகிற குரல் இல்லை, தகவல் சொல்கிற குரல். “அதான் விழட்டும்னு இருந்தேன்.”

“வகுப்புல ஏன் பேச மாட்டேங்கறே?”

“காத்து பட்டா சுள்ளுங்குது. அப்புறம் நாறுது.”

இறங்கிப் போனாள். நான் வண்டியை நிறுத்துமிடத்துக்குக் கொண்டுபோகாமல் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன். பின்னால் வந்த பேருந்துக்காரன் ஹாரன் அடித்தான். நானும் பதிலுக்கு அடித்தேன். யாரையாவது அடிக்க வேண்டும் போலிருந்தது.

மிஸ்டி பெட்ரோல் பங்க் கடையில் கோழி பொரிக்கிறாள். இருபத்தொன்பது வயசு. நான் போய் ரேலின் பேரை எடுத்ததுமே இடுக்கியைக் கீழே வைத்தாள்.

“வாங்க, நீங்களும் வந்துட்டீங்களா? சோடா குடுக்காதே, பல்லு தேய்க்க வை. அதானே? பங்க்குக்கு வர்றவங்க எல்லாரும் பெட்ரோலோட அதையும் போட்டுட்டுத்தான் போறாங்க.”

“நான் அதுக்கு வரலம்மா…”

“எங்க குழாய்ல வர்ற தண்ணியைப் பாத்திருக்கீங்கல்ல? நிலக்கரிச் சுரங்கத்துலேர்ந்து இறங்கி வர்ற ஆரஞ்சுத் தண்ணி. அதுல பல்லு தேய்ச்சா பல்லுக்கே அசிங்கமா இருக்கும். கடைத் தண்ணி வாங்கி வெச்சுத்தான் தேய்க்கறா. தெனம் ரெண்டு தடவை. நான் பக்கத்துல நிப்பேன்.”

“டாக்டர்கிட்ட…”

“போன் பண்ணலைன்னு நெனைச்சீங்களா?” மிஸ்டி கையைத் துடைத்துக்கொண்டு விரலை மடக்க ஆரம்பித்தாள். “டவுன்ல ரெண்டு பல் டாக்டருங்க. ஒருத்தர் இல்லாதவங்களுக்குக் கவர்மெண்டு குடுக்கற மெடிக்கல் கார்டே வாங்கறதில்ல. கவர்மெண்டு குடுக்கற பணம் கையுறைக்குக் கூடப் பத்தலையாம். இன்னொருத்தர் கார்டு வாங்குவாரு, ஆனா பிள்ளைங்களைப் பாக்க மாட்டாரு. பக்கத்துக் கவுண்டி கிளினிக்ல பாத்துக்கிட்டு இருந்த டாக்டரம்மா போயிட்டாங்க, வேற யாரும் வரல. அப்புறம் லெக்சிங்டன் பெரிய ஆஸ்பத்திரி. ரெண்டரை மணி நேரம். ஜூன் பதினொண்ணு வரச் சொல்லியிருக்காங்க. ஜூன்! அது வரைக்கும் வலிச்சா மாத்திரை குடுங்கன்னு போன்ல பேசுன பொண்ணு சொன்னா. நல்ல பொண்ணு. கடைசியில ‘உங்க நாள் இனிமையா அமையட்டும்’னா.”

“அக்டோபர்ல ஸ்கூலுக்குப் பல் வண்டி வந்துதே மிஸ்டி? உள்ளேயே நாற்காலி போட்டு, சொத்தைப் பல்லை அடைச்சு அனுப்புனாங்களே?”

“வந்துச்சு. ஃபாரம் குடுத்தாங்க. அம்மான்னு ஒரு கட்டம், அப்பான்னு ஒரு கட்டம், சட்டப்படி காப்பாளர்னு ஒரு கட்டம். சித்திக்குக் கட்டம் இல்ல. நான் அம்மாங்கறதை அடிச்சுட்டு பக்கத்துல சித்தின்னு எழுதுனேன். திருப்பி அனுப்பிட்டாங்க.”

“அம்மான்னே கையெழுத்துப் போட்டிருக்கலாமே. என் பஸ்ல பாதிப் பிள்ளைங்களுக்கு அத்தை, சித்தி, பக்கத்து வீடுன்னு யாரோதான் அம்மான்னு போடறாங்க. எவன் பாக்கறான்?”

மிஸ்டி என்னைப் பார்த்த பார்வையில் எண்ணெய் கொதித்தது.

“கீழ எழுதியிருந்துச்சு, பொய்யாக் கையெழுத்துப் போட்டாக் குத்தம்னு. எங்கக்கா மொதல் தடவை ஜெயிலுக்குப் போனது எதுக்குன்னு ஞாபகம் இருக்கா? டாக்டர் சீட்டுல அடுத்தவங்க கையெழுத்தைப் போட்டதுக்கு. நானும் போயிட்டா இவளை யாரு பாப்பா? நீங்களா?”

எங்கள் பக்கத்தில் நேர்மையாக இருப்பதும் ஒரு செலவுதான். அதற்கு எந்த கார்டும் கிடையாது.

அப்புறம் அவள் ஏப்ரன் பையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்தாள். நாலாக மடித்து எண்ணெய்க் கறை படிந்திருந்தது. வெள்ளிக்கிழமை மூன்று மணிக்குக் கூட்டம். ரேலினைப் பைன் நாப் பள்ளிக்கு மாற்றுவது பற்றி முடிவு.

பைன் நாப் என்றால் நாற்காலியை எறிகிற பிள்ளைகளுக்கான பள்ளி. ஜன்னலுக்குக் கம்பி. நான் அந்தத் தடத்திலும் மூன்று வருஷம் ஓட்டியிருக்கிறேன். ஏற்றிக்கொண்டு போனவர்களின் பெயர்கள் நினைவில் இருக்கின்றன. திருப்பிக் கூட்டிக்கொண்டு வந்ததாக ஒரு பெயரும் நினைவில் இல்லை.

“எங்கக்கா அங்கதான் போனா” என்றாள் மிஸ்டி. “மூணாங்கிளாஸ்ல.” இடுக்கியை எடுத்துக்கொண்டு திரும்பிவிட்டாள்.

என்னையும் கூட்டத்துக்கு அழைத்திருந்தார்கள். ஏன் என்று அங்கே போன பிறகுதான் புரிந்தது. தலைமையாசிரியை திருமதி காடில் முன்னால் ஒரு கோப்பு இருந்தது. அதன் முதல் தாள் மஞ்சள். அதில் என் கையெழுத்து, பழைய நண்பனைப் பார்த்த மாதிரி என்னைப் பார்த்துச் சிரித்தது.

மிஸ்டி வேலை உடுப்போடு வந்திருந்தாள். ரேலின் அவள் பக்கத்தில், உள்ளங்கையில் கன்னத்தைத் தாங்கிக்கொண்டு. நேரமாகிவிட்ட பிள்ளை சலிப்பில் உட்கார்ந்திருப்பது போலத்தான் தெரியும், தெரியாதவர்களுக்கு.

திருமதி காடில் கெட்டவர் இல்லை. அதைச் சொல்லிவிட வேண்டும். சொல்லாவிட்டால் கதை சுலபமாக இருக்கும். முந்நூறு பிள்ளைகள், பாதி ஆசிரியர்கள், ஒழுகும் கூரை. கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாசித்தார்.

“பேருந்து ஓட்டுநர்: சொன்னதைச் செய்ய மறுக்கிறாள். வகுப்பு ஆசிரியை: சத்தம் போட்டு வாசிக்க மறுக்கிறாள். சமையல்கூடம்: ஆப்பிள் சாப்பிட மறுக்கிறாள், கேரட் மறுக்கிறாள். புகைப்பட நாள்: சிரிக்க மறுக்கிறாள். இசை வகுப்பு: பாட மறுக்கிறாள். நவம்பர் வாசிப்புத் தேர்வு: பதில் சொல்ல மறுத்ததால் பூஜ்யம். ஜனவரி: அதேதான்.” தாளைத் திருப்பினார். “அக்டோபர்ல வந்த பல் வண்டியோட அறிக்கை கூட இருக்கு மிஸ்டி. ‘சிகிச்சை: மறுக்கப்பட்டது’ன்னு. குடும்பமும் ஒத்துழைக்கலைன்னா நாங்க என்ன பண்றது சொல்லுங்க.”

“நான் மறுக்கல” என்றாள் மிஸ்டி. “நான் சித்தின்னு எழுதுனேன். அவங்க திருப்பி அனுப்புனாங்க.”

“அவங்க ஃபாரத்துல மூணு கட்டம்தான்மா. செஞ்சாச்சு, வரல, மறுப்பு. கையெழுத்துச் சரியில்லைன்னா மூணாவதுல போட்டுடுவாங்க போல.”

“போலவா?” என்றேன் நான்.

எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். நான் வரும் வழியெல்லாம் ஒரு நல்ல பேச்சைத் தயார்செய்து வைத்திருந்தேன். நடுநடுவே நகைச்சுவையும் உண்டு. அத்தனையும் மறந்து போனது.

“அம்மா, அந்த வார்த்தையை மொதல்ல போட்டது நான். ஏன் போட்டேன் தெரியுமா? மத்த கட்டத்துக்கெல்லாம் கீழ எழுதணும், எனக்கு ‘சண்டை’ன்னு எழுதறதுக்குள்ளயே மூணு தப்பு வரும். அவ்வளவுதான் காரணம். அதைப் பாத்து அடுத்தவங்க போட்டாங்க, அவங்களைப் பாத்து அதுக்கடுத்தவங்க. ஒருத்தராவது இந்தப் பிள்ளையைப் பாத்து எழுதுனோமா? வாயைத் தொறந்தா வலிக்கற பிள்ளை வாயைத் தொறக்கல. அதுக்கு நம்ம பாஷையில பேரு மறுக்கிறாளா? என் சீட்டைத் திருப்பிக் குடுங்க. நான் வாபஸ் வாங்கறேன்.”

“வாபஸ் வாங்க முடியாது ஓடெல். கம்ப்யூட்டர்ல ஏறிடுச்சு.”

“அப்ப கம்ப்யூட்டரைப் பாடச் சொல்லுங்க! ஆப்பிள் திங்கச் சொல்லுங்க!” என்று கத்தி, வீரமாக மேசையை ஓங்கிக் குத்தினேன்.

நாற்பது வருஷத்துக்கு மேல் பழகிய பல் செட்டானாலும் அதற்கும் ஒரு மானம் உண்டு. கத்தின கத்தலில் கீழ்ச் செட்டு கழன்று, வாயிலிருந்து வெளியே குதித்து, மேசை மேல் வழுக்கிக்கொண்டு போய், திருமதி காடிலின் காபிக் கோப்பையில் ‘ணங்’கென்று மோதி நின்றது. என்னைப் பார்த்து இளித்துக்கொண்டு.

அறுபத்தொரு வயசில் ஒரு மனுஷன் நியாயம் கேட்கப் போனால் இப்படித்தான் ஆகும் என்று நினைத்துக்கொண்டேன்.

அப்போது ரேலின் சிரித்தாள். பொங்கி வந்த, வயிற்றிலிருந்து வந்த சிரிப்பு. ஒரு நொடி போன வருஷத்துப் பிள்ளை அங்கே உட்கார்ந்திருந்தது. அடுத்த நொடி அந்தச் சிரிப்பு நடுவிலேயே உடைந்து வேறு சத்தமாக மாறியது. இரண்டு கையாலும் தாடையைப் பிடித்துக்கொண்டு முன்னால் மடங்கி நெற்றியை மேசையில் வைத்தாள். அழவில்லை. அதுதான் பார்க்க முடியாததாக இருந்தது. வலி தாண்டிப் போகட்டும் என்று, பழகின வேலையைச் செய்கிறவள் போல, மூச்சைப் பிடித்துக் காத்துக்கொண்டிருந்தாள்.

திருமதி காடில் எழுந்து வந்து அவள் பக்கத்தில் முழந்தாளிட்டார். “கண்ணு, எங்க, எனக்குக் காட்டு.”

ரேலின் மிஸ்டியைப் பார்த்தாள். மிஸ்டி தலையசைத்ததும் வாயைத் திறந்தாள்.

திருமதி காடில் குனிந்து உள்ளே பார்த்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றினார். “ஐயோ” என்றார். “இதோடயா நவம்பர் தேர்வுக்கு உக்காந்தே?”

நான் பல்லைத் தேடி எடுத்துக்கொண்டேன்.

அவர் திரும்பிப் போய் மேசை டிராயரைத் திறந்து, அடியிலிருந்து ஒரு தாளை உருவினார். “பெத்தவங்க இல்லாம சொந்தக்காரங்க வளர்க்கற பிள்ளைங்களுக்குன்னு ஒரு உறுதிமொழித் தாள் இருக்கு மிஸ்டி. இதுல நீங்க எழுதி, நோட்டரி முன்னால கையெழுத்துப் போட்டா, வைத்தியத்துக்கு நீங்களே சம்மதம் குடுக்கலாம்.”

ஒரே ஒரு பக்கம். உறவுமுறை என்ற இடத்தில் ‘சித்தி’ என்று எழுத நீளமாகக் கோடு போட்டிருந்தது.

மிஸ்டி அந்தத் தாளைத் தொடாமல் பார்த்தாள். “இது எத்தனை நாளா இந்த டிராயர்ல இருக்கு?”

“சட்டம் வந்தப்ப அனுப்புனாங்க. ஒரு… நாலு வருஷம் இருக்கும். யாரும் கேக்கலை.”

“எனக்குத் தெரிஞ்சாத்தானே கேப்பேன்!”

அவ்வளவு சத்தமாக அவள் பேசி நான் கேட்டதில்லை. திருமதி காடில் முகம் சிவந்தது. தன் தப்பு என்று அவர் சொல்லவில்லை. ஆனால் கோப்பிலிருந்த பைன் நாப் தாளை எடுத்து, “இதை நான் அனுப்பப் போறதில்லை” என்று சொல்லிக் குறுக்கே கிழித்தார். அரசாங்கத் தாளைக் கிழிக்கும்போது அவர் கை கொஞ்சம் கூசியது. அதற்காகவே அவரைப் பாதி மன்னித்தேன். மீதிப் பாதியை என்னிடமே வைத்திருக்கிறேன், எனக்கும் தேவைப்படும்.

வங்கி மூடுவதற்குள் ஓடிப்போய் அங்கிருக்கும் நோட்டரிப் பெண்ணிடம் முத்திரை வாங்கினோம். திங்கட்கிழமை ரேலின் நிறுத்தத்தில் இல்லை. தாடை எலுமிச்சம்பழம் அளவுக்கு வீங்கி, வீக்கம் கழுத்துக்கு இறங்கியிருந்தது. ஜுரம் நூற்றுமூன்று.

இங்கேதான் எனக்கு ஒரு விஷயம் விளங்கியது. உங்களுக்கும் சொல்லி வைக்கிறேன். ஒரு பிள்ளைக்கு ஆறு மாதம் வலித்தால் இடம் கிடையாது, ஜூனில் வா. தூங்க முடியவில்லை என்றாலும் ஜூனில் வா. படிப்பு போய்விட்டதா, சிநேகிதர்கள் போய்விட்டார்களா, சிரிப்பு போய்விட்டதா, அதற்கெல்லாம் ஜூன். கழுத்து வீங்கி மூச்சுக் குழாய்க்கு ஆபத்து என்று ஆனால் மட்டும் அன்றைக்கே கட்டில் கிடைக்கிறது, மருந்து ஏற்றக் குழாய் கிடைக்கிறது, ஆம்புலன்ஸ் கிடைக்கிறது, லெக்சிங்டன் பெரிய ஆஸ்பத்திரியில் மூன்று டாக்டர்கள் கிடைக்கிறார்கள். அத்தனைக்கும் அதே மெடிக்கல் கார்டு செல்லுகிறது. ஒரு துளையை அடைக்கச் செல்லாத கார்டு.

ஆஸ்பத்திரியில் கேட்ட முதல் கேள்வி, “நீங்க பிள்ளைக்கு என்ன வேணும்?” மிஸ்டி அந்த ஒற்றைத் தாளை நீட்டினாள். அது இல்லாமல் இருந்திருந்தால் ஒஹாயோவில் அவள் அக்காவைத் தேடி ஆள் அனுப்பியிருப்பார்கள்.

புதன்கிழமை மயக்கம் கொடுத்து ஐந்து பல்லை எடுத்தார்கள். நான் அன்றைக்கு லீவு போட்டுவிட்டு என் காரில் போயிருந்தேன். மிஸ்டியின் கார் மலை இறங்கினால் திரும்ப ஏறுகிற ஜாதி இல்லை. டாக்டர் சின்ன வயசுப் பெண். முகக்கவசத்தைக் கீழே இறக்கிக்கொண்டு எங்களிடம் வந்தார்.

“நாலு பால் பல்லு. அதுக்கெல்லாம் வேற முளைக்கும். அஞ்சாவது நிரந்தரப் பல்லு, ஆறு வயசுல வர்றது. அந்த இடத்துல இனி ஒண்ணும் வராது. காப்பாத்தப் பாத்தேன், முடியல.”

“அக்டோபர்ல பாத்திருந்தா?” என்று கேட்டேன்.

அவர் என்னைப் பார்த்தார். பொய் சொல்லலாமா என்று யோசித்ததாக எனக்குத் தோன்றியது. “அடைச்சிருந்தாப் போதும்” என்றார். “அரை மணி நேர வேலை.”

மிஸ்டி சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். நான் ஏதாவது வேடிக்கையாகச் சொல்ல வேண்டிய இடம் அது. இருபத்திரண்டு வருஷமாக அதற்குத்தான் என்னைப் பிள்ளைகள் பொறுத்துக்கொள்கிறார்கள். பூட்ஸ் காலால் அந்தச் சுவரை உதைக்க வேண்டும் போலிருந்தது. ஆஸ்பத்திரிச் சுவர் என்ன செய்யும், பாவம்.

வெள்ளிக்கிழமை வீட்டுக்கு அனுப்பினார்கள். ரேலின் முன் சீட்டில் என் பக்கத்தில் உட்கார அனுமதி கேட்டு மிஸ்டியிடம் வாங்கிக்கொண்டாள். கன்னம் இன்னும் பூசணி மாதிரி இருந்தது. அரை மணி நேரம் வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். பிறகு நாக்கால் உள்ளே அங்கங்கே தொட்டுப் பார்த்தாள். வலிக்கவில்லை என்பதை அவளால் நம்ப முடியவில்லை என்று தெரிந்தது. இன்னொரு தரம் தொட்டாள்.

அப்புறம் நெடுஞ்சாலை ஓரத்து விளம்பரப் பலகைகளை வாசிக்க ஆரம்பித்தாள். சத்தம் போட்டு.

“விபத்தா? எங்கள் வக்கீலை அழையுங்கள். இயேசு வருகிறார், தயாரா? பண்ணைச் சாமான் ஏலம், சனிக்கிழமை.” வார்த்தைகள் கொழகொழவென்று வந்தன. ஆனால் ஒரு பலகையையும் விடவில்லை. பூஜ்யம் வாங்கிய பிள்ளை. நீளமான வார்த்தை வந்தால் உடைத்து உடைத்துப் படித்தாள், பலகை தாண்டிப் போன பிறகும் பின்னால் திரும்பி முடித்தாள். பின் சீட்டிலிருந்து மிஸ்டி மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

ஒரு திருப்பத்தில் மலையை மறைத்துக்கொண்டு பெரிய பலகை ஒன்று நின்றது. அதில் ஒரு பெண்ணின் வாய் மட்டும். ஒவ்வொரு பல்லும் குளிர்சாதனப் பெட்டி அளவு, அதே வெள்ளை. கீழே ஒரு பல் மருத்துவமனையின் பெயர்.

“நீங்கள்… இந்தப் புன்னகைக்கு… தகுதியானவர்” என்று வாசித்தாள். “மிஸ்டர் ஓடெல், தகுதியானவர்னா என்னா?”

நான் திருப்பத்துக்காக வண்டியை மெதுவாக்கினேன்.

“அது காசுள்ளவங்களுக்குச் சொல்றது செல்லம்” என்றாள் மிஸ்டி பின்னாலிருந்து.

ரேலின் கொஞ்சம் யோசித்தாள். “அப்ப ஏன் நாம போற ரோட்டுல வெச்சிருக்காங்க?”

பதிலுக்கு அவள் காத்திருக்கவில்லை, அடுத்த பலகை வந்துகொண்டிருந்தது. ஜன்னலை இறக்கச் சொன்னாள். பிப்ரவரிக் காற்று நேரே அவள் வாய்க்குள் அடித்தது. அதை வாங்கிக்கொண்டு, மலைக்கே கேட்கிற மாதிரி, எட்டுத் துண்டுக் கோழியும் உருளைக்கிழங்கும் எந்த ஊர்த் திருப்பத்தில் கிடைக்கும் என்று வாசித்தாள்.